மலையேறி வரும் காய்ச்சல்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே சுகாதாரக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையிலே சமயத்தைப் பற்றியும் தமிழைப் பற்றியும் பேசக் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். இன்றைக்குக் காய்ச்சலைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்ததும் முன்வரிசையிலே சில பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டதைக் கண்டோம். பாதகமில்லை. காய்ச்சல் நமக்கு அவ்வளவு பழக்கமானது. கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடித்துவிட்டு மறுநாள் பெரட்டுக்குப் போகின்ற பரம்பரை நம்முடையது. அந்தப் பழக்கத்தினாலேதான் இதைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது.

நம் அங்கத்தவரான ஒரு மாணவர் பல்கலைக்கழக விடுதியிலே தங்கிப் படிக்கிறார். பெயர் வேண்டாம். சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு வீட்டுக்குப் புறப்பட்டார். அவருடைய அறையிலும் பக்கத்து அறையிலும் நாலைந்து பேருக்குக் காய்ச்சல். அவருக்கோ தொண்டையிலே சிறு கரகரப்பு மட்டும். பேராதனைச் சந்தியிலே ரெயில் ஏறி, நாவலப்பிட்டி, வட்டவளை, அட்டன் கடந்து தலவாக்கலையில் இறங்கி, பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார். வீடு என்றால் ஒரு காம்பராவும் ஓர் இஸ்தோப்பும். தாய், தந்தை, இரு தங்கையர், பாட்டி. மறுநாள் அவருக்குக் காய்ச்சல் அடித்தது, மூன்றாம் நாள் தங்கைக்கு, அதன்பின் பாட்டிக்கு. பிள்ளைகள் எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார்கள். பாட்டிக்குச் சளி நெஞ்சிலே இறங்கி, வைத்தியசாலைக்குக் கொண்டுபோன இரண்டாம் நாள் உயிர் பிரிந்தது.

நோய் அவரோடுதான் வந்ததா, புத்தாண்டுக்கு வந்துபோன வேறு எவரோடேனும் வந்ததா என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. ஆனால் அவர் எங்களிடம் கேட்டது இது: “விடுதியிலே காய்ச்சல் இருந்தது எல்லாருக்கும் தெரியும். இரண்டு நாள் பொறுத்துப் போ என்று ஒருவர்கூடச் சொல்லவில்லையே?” இந்தக் கேள்விக்குப் பதில் தேடியதன் விளைவுதான் இன்றைய பேச்சு.

முதலிலே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நாம் தடிமன் என்று சொல்வது வேறு, இன்புளுவென்சா என்னும் சளிக்காய்ச்சல் வேறு. தடிமன் மூக்கோடு நின்றுவிடும். இதுவோ திடீரென்று வரும். உடம்பை அடித்துப்போட்டாற்போல் வலி எடுக்கும். வாலிபர்களைச் சில நாட்கள் படுக்கையிலே வீழ்த்தி எழுப்பிவிடும். முதியோரையும், கர்ப்பிணிகளையும், கைக்குழந்தைகளையும், நீரிழிவு, ஆஸ்துமா, இருதயநோய் உள்ளவர்களையும் நெஞ்சிலே பிடிக்கும். இருபது வயதுப் பிள்ளைக்கு ஒரு வாரப் படுக்கை. அதே கிருமி பாட்டிக்கு யமன். பல்கலைக்கழகத்துக் காய்ச்சலைப் பற்றி விடுதிக்குள்ளே இருந்துகொண்டு தீர்மானம் செய்வோர் முதற்பாதியை மட்டுமே காண்கிறார்கள். மறுபாதி பஸ் போய் நிற்கிற கடைசி இடத்திலே, லயத்துக் காம்பராவிலே நடக்கிறது.

நூறாண்டுக்கு முந்திய ஒரு சரித்திரத்தை இங்கே சொல்லவேண்டும். 1918ஆம் ஆண்டு உலகமெங்கும் பரவிய பெருங்காய்ச்சல் இலங்கையையும் விடவில்லை. அந்நாளைய குடிசனக் கணக்குகளையும் இறப்புப் பதிவுகளையும் மாவட்டம் மாவட்டமாக ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இலங்கை அதனால் இழந்த சனத்தொகை ஏறத்தாழ 3,07,000, அதாவது நூற்றுக்கு 6.7 பங்கு என்று கணக்கிட்டிருக்கிறது. பிறவாமற் போன பிள்ளைகளின் கணக்கும் இதிலே அடங்கும். முன்னைய கணக்குகள் இதைவிடக் குறைவானவை. அந்த ஆய்விலே நம் நெஞ்சைத் தொட்டது தொகையன்று. நோய் வடக்கேயும் தெற்கேயும் உச்சமடைந்தது 1918 அக்டோபர் முதற்பகுதியில். நடுப் பகுதியிலே உச்சமடைந்தது 1919 மார்ச் முதற்பகுதியில். ஐந்து மாதம்! வடக்கேயும் தெற்கேயும் பிணங்கள் விழுந்தபின் ஐந்து மாதம் கழித்துத்தான் நடுப் பகுதியிலே அதன் முழு வேகம் தெரிந்திருக்கிறது.

அந்த நாளிலே இந்தியாவிலிருந்து வருகிற தொழிலாளரை மண்டபம் முகாமிலே நிறுத்திவைத்து, உடுதுணியை அவித்து, அம்மைப்பால் குத்தி, சில நாட்கள் பார்த்தபின்தான் கப்பலேற்றுவார்கள். நம் வீடுகளிலே பாட்டன் பாட்டி சொல்லிச் சொல்லிக் கேட்ட கதை அது. மாட்டை அடைப்பதுபோல் மனிதரை அடைத்த இடம் என்று அவர்கள் சொல்வார்கள். அதிலே நியாயம் உண்டு. பெரியம்மைக்கும் வாந்திபேதிக்கும் அந்தக் காவல் ஓரளவு பலித்தது. நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காணலாம் அல்லவா? சளிக்காய்ச்சலோ அப்படிப்பட்டதன்று. கிருமி உட்புகுந்து ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் காய்ச்சல் காணும். காய்ச்சல் காண்பதற்கு முதல்நாளே அது மற்றவருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். தொண்டைக் கரகரப்போடு ரெயில் ஏறிய நம் மாணவரை எந்த முகாமில் எவர் நிறுத்தியிருப்பார்?

அன்று நடுப் பகுதியிலே உச்சமடைய இன்னும் ஐந்து மாதம் எடுத்த காய்ச்சலுக்கு இன்று மலையேற ஒரு பகற்பொழுது போதும். அதைச் சுமந்து வருகிறவர்களும் அந்நியர் அல்லர். பேராதனையிலும், கொழும்பிலும், யாழ்ப்பாணத்திலும், மட்டக்களப்பிலும், பக்கத்திலே பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலும் படிக்கிற, நாம் பெருமையோடு மாலையிட்டு அனுப்பிய பிள்ளைகள்தாம். அவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. ஒரு லயத்திலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் போவது என்ன பாடு என்பது இந்தச் சபைக்குத் தெரியும்.

விடுதி வாழ்க்கையை அறியாத பெரியோருக்காகச் சில வார்த்தைகள். ஓர் அறையிலே பலர் படுக்கை, பொதுவான குளியலறை, ஒரே சாப்பாட்டு மண்டபம், நூற்றுக்கணக்கானோர் அடைந்து உட்காரும் விரிவுரை மண்டபம். காய்ச்சல் கண்ட மாணவர் அதை மறைக்கவே பார்ப்பார். பரீட்சை தவறிவிடும், வரவுக் கணக்குக் குறையும், வைத்தியப் பத்திரத்துக்கு அலையவேண்டும், தனியே படுத்தால் சோறு கொண்டுவந்து தர ஆளில்லை. ஆகவே இரண்டு பனடோலை விழுங்கிவிட்டு வகுப்புக்குப் போவார். முடியாத கட்டத்தில் “அம்மாவிடம் போய்விட்டால் போதும்” என்று மூட்டையைக் கட்டுவார். மனித சுபாவம் இது. நாமும் அதைத்தான் செய்வோம். தோட்டத்திலும் இதுவே நடக்கிறது. காய்ச்சலோடு கொழுந்து பறிக்கப் போகிற தாயை ஏன் போனாய் என்று கேட்டுப் பாருங்கள். போகாவிட்டால் பேர் விழாது என்பாள். அரைப் பேராவது கிடைக்குமே என்று மழையிலே நிற்பாள். காய்ச்சலை மறைப்பவரைத் திட்டுவதனால் ஒன்றும் ஆகாது. மறைக்கத் தேவையில்லாதபடி செய்வதே வழி.

அதனால், பல்கலைக்கழகங்களிலே நோய் காணும்போது முதலில் எழுகிற யோசனையாகிய “மூடிவிட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பு” என்பதை நாங்கள் ஏற்பதற்கில்லை. 2020 மார்ச்சிலே கொரோனாவின் பொருட்டு மூடினார்கள். அப்போது தேசம் முழுவதுமே அடைக்கப்பட்டது. அது வேறு விஷயம். (அடைபட்ட அந்த மாதங்களிலே கைத்தொலைபேசிக்குச் சைகை கிடைக்கும் மேடு தேடித் தேயிலை மலையுச்சியில் குடைபிடித்துக்கொண்டு பாடம் கேட்ட பிள்ளைகளை நாம் மறக்கவில்லை.) ஆண்டுதோறும் வரும் சளிக்காய்ச்சலுக்கு விடுதியைக் கலைப்பது, ஓரிடத்தில் இருக்கும் நெருப்பை வாரி நூறு கூரைகளின்மேல் எறிவதாகும். வேண்டியது விடுதியிலேயே சில அறைகள்: நோயுற்றோர் ஐந்து ஏழு நாட்கள் தங்கிக்கொள்ள, சன்னல் திறந்த, கஞ்சி வந்து சேருகிற அறைகள். கூடவே, அந்த நாட்களுக்காக மாணவருடைய வரவிலும் பரீட்சையிலும் கை வைக்கமாட்டோம் என்ற உறுதிமொழி. பெரும் பணம் பிடிக்கும் காரியம் அன்று. நம் மாணவர்கள் தத்தம் மாணவர் ஒன்றியங்களிலே கேட்டுப் பெறவேண்டியது இதுதான்.

காய்ச்சல் எல்லாம் சளிக்காய்ச்சல் என்று எண்ணிவிடவும் கூடாது. நம் நாட்டிலே டெங்கும் எலிக்காய்ச்சலும் இதே வேடத்தில் வருகின்றன. ஆகவே ஆஸ்பிரின் முதலான நோவு மாத்திரைகளைத் தொடாதீர்கள். டெங்காக இருந்தால் இரத்தம் கசியும். பனடோலும் நீராகாரமும் போதும். மூன்றாம் நாளும் காய்ச்சல் நின்றால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மூச்சு வாங்கினாலோ, மயக்கம் வந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ நாள் எண்ணவேண்டாம், உடனே வைத்தியசாலை. சளிக்காய்ச்சலுக்கென்றே உள்ள ஒசெல்டாமிவிர் என்னும் மருந்து முதல் இரண்டு நாட்களுக்குள் கொடுத்தால்தான் நன்கு வேலை செய்யும். அதனால் முதியோரையும் கர்ப்பிணிகளையும் “நாளைக்குப் பார்ப்போம்” என்று வைத்திருக்கலாகாது.

இனி ஊசி. இதைப் பற்றித்தான் மாதர் பகுதியிலிருந்து அதிகக் கேள்விகள் வந்தன.

சளிக்காய்ச்சல் ஊசி தொடக்க காலத்திலே பெருவாரியாகச் சோதிக்கப்பட்ட இடங்களிலே பல்கலைக்கழகங்களும் உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1943இல், உலக யுத்தத்தின் நடுவே, அமெரிக்காவிலே பல்கலைக்கழகங்களில் தங்கிப் பயின்ற இராணுவ மாணவர் பிரிவுகளில் தாமஸ் பிரான்சிஸ் என்னும் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் அந்தச் சோதனையைச் செய்தனர். பிற்காலத்தில் இளம்பிள்ளைவாத ஊசியாற் புகழ்பெற்ற ஜோனாஸ் சால்க் அந்தக் குழுவிலே ஓர் இளைஞர். ஊசி பெற்றோரிடையே நோய் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. எல்லாரும் மகிழ்ந்தார்கள். நாலாண்டு கழித்து, 1947இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்திலே 10,000க்கு மேற்பட்ட மாணவருக்கு ஊசி போட்டார்கள். அவ்வாண்டு நோய் வந்தபோது, ஊசி போட்டவரிலே நூற்றுக்கு ஏழு பேர் விழுந்தனர். போடாதவரிலே நூற்றுக்கு எட்டுப் பேர். ஊசியால் ஒரு பயனும் இல்லை! காரணம் என்னவென்றால், கிருமி தன் மேற்சட்டையை மாற்றிக்கொண்டுவிட்டது. பழைய சட்டையை அடையாளம் வைத்துக்கொண்டு காவல் நின்றவன் முன்னால் புதுச் சட்டையோடு கள்வன் நடந்து போனான்.

அந்தத் தோல்வியிலிருந்தே இன்றைய ஏற்பாடு பிறந்தது. பல தேசங்களிலே கிருமியைப் பிடித்து ஆராயும் நிலையங்கள் இருக்கின்றன. அவை அனுப்பும் விவரங்களைக் கொண்டு உலக சுகாதார ஸ்தாபனம் ஆண்டுக்கு இரண்டு தடவை ஊசியின் சேர்மானத்தைத் தீர்மானிக்கிறது. அப்படிப்பட்ட நிலையங்களில் ஒன்று நம் உறவினர் பலர் போய்க் குடியேறிய நீலகிரியிலே, குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இருந்தது. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து கப்பல் வழியாகச் சென்னைக்கு வந்த ஆசியக் காய்ச்சலைப் பற்றி அங்கிருந்து ஐ. ஜி. கே. மேனன் எழுதிய கட்டுரை இன்றும் எடுத்தாளப்படுகிறது. இந்தியாவிலே 44 லட்சத்துக்கு மேற்பட்டோர் அதிலே நோயுற்றதாகப் பதிவாயிற்று; பதியாதவர் எத்தனையோ. தேயிலைச் சரிவிலிருந்து வந்த கணக்கு என்பதனால் நமக்கு ஒரு சொந்தம்.

ஆகவே “போன வருஷம் போட்டேனே, மறுபடியும் ஏன்?” என்பதற்கு விடை மிச்சிகனிலே இருக்கிறது. “போட்டும் காய்ச்சல் வந்ததே” என்பதற்கும் மழுப்பாமற் பதில் சொல்லுவோம். சேர்மானம் நன்றாகப் பொருந்திய ஆண்டிலேகூட, வைத்தியரிடம் போகும் அளவு நோயை நூற்றுக்கு 40 முதல் 60 பங்குவரைதான் இது குறைக்கும். முதியோரிடத்தில் அதனினும் குறையலாம். போட்டு இரண்டு வாரம் சென்றபின்னரே வலு வரும். ஆயுட்காலக் காவல் அன்று. ஆனாலும் பத்துப் பேர் விழவேண்டிய லயத்திலே ஐந்து பேர் விழுந்தால் அந்த வித்தியாசம் யாருடைய வீட்டிலே தெரியும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஊசியால் சளிக்காய்ச்சல் வந்துவிடும் என்பது மட்டும் பொய். அதிலே இருப்பது செத்த கிருமியின் பகுதிகள். ஒருநாள் கைவலியும் சிறு சூடும் வரலாம்.

இன்னொரு கேள்வி, எழுதி அனுப்பப்பட்டது; எழுதியவர் கைநாட்டு வைக்கவில்லை, ஆனால் எழுத்தைக் கண்டால் யாரென்று தெரிகிறது. “இந்த ஊசி கோழிமுட்டையிலே செய்யப்படுகிறதாமே, சைவர் போடலாமா?” உண்மைதான். பெரும்பாலானவை கரு வைத்த முட்டையிலே கிருமியை வளர்த்துச் சுத்திசெய்து எடுக்கப்படுபவை. முட்டையின்றிச் செய்யப்படுபவையும் உண்டு, நம் ஊருக்கு எளிதிலே வருவதில்லை. விரதம் நாவைக் காப்பதற்கு; ஊசி உயிரைக் காப்பதற்கு. மனம் ஒப்பாதவரை நாங்கள் வற்புறுத்தமாட்டோம். அவர்கள் வீட்டிலுள்ள இளையோர் போட்டுக்கொண்டால் அவர்களுக்கும் ஓரளவு காவல் ஆகும்.

இது வெறும் சமாதானம் அன்று. ஜப்பானிலே 1962 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த ஊசி போட்டு வந்தார்கள். 1977 முதல் பத்தாண்டுக்கு அது கட்டாயம். பலன் இல்லை என்று சிலர் வாதாட, 1994இல் கைவிட்டார்கள். 2001இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, பிள்ளைகளுக்குப் போட்ட காலத்திலே முதியோரின் மரணம் குறைந்திருந்தது, நிறுத்தியபின் ஏறியது என்று காட்டியது. பிள்ளைகள் 420 பேருக்குப் போட்டால் ஓர் உயிர் தப்பியது என்பது அவர்கள் போட்ட கணக்கு. பேரனுடைய புயத்திலே குத்திய ஊசி பாட்டியைக் காத்திருக்கிறது.

பெரியோர்களே, இந்த வித்தையை நாங்கள் உங்களுக்குக் கற்பிக்க வரவில்லை. உங்களிற் பலருடைய புயத்திலே அம்மைப்பால் தழும்பு இருக்கிறது. அம்மை போட்ட வீட்டு வாசலிலே வேப்பிலை செருகியதும் அயலார் உள்ளே நுழையார். அந்த வீட்டார் கலியாணத்துக்கும் போகார், கோயிற் கூட்டத்திலும் கலவார். நோயாளிக்குத் தனிப் பாய், தனிப் பாத்திரம். மாரியம்மனுக்குப் பயந்து நாம் கடைப்பிடித்த அந்த ஒழுங்கை இந்தக் காய்ச்சலுக்கு ஏன் கடைப்பிடிப்பதில்லை? அம்மைக்கு முத்து தெரியும். இதற்குத் தெரியாது, அவ்வளவுதான். வெளியூரிலிருந்து இருமலோடு வரும் பிள்ளையை இஸ்தோப்பிலே படுக்கவைத்து, வாயை மூக்கைத் துணியால் மூடச்சொல்லி, பாட்டியை உள் காம்பராவிலே வைத்தால் பாசம் குறைந்துவிடாது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவிலே இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று தாய்மார் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. ஆறாயிரம் அடி உயரத்துக் குளிரிலே சன்னலைத் திறந்துவை என்று சொல்வதும் எளிதன்று. தனித்தனி வீடு கட்டிக் கொடுக்கும் திட்டம் எல்லா லயங்களையும் எட்டும்வரை இந்தக் குறை இருக்கத்தான் செய்யும். அதனாலேதான் நோய் வீட்டு வாசலுக்கு வருமுன் விடுதியிலேயே தடுக்கவேண்டும் என்று இவ்வளவு நேரம் பேசினோம்.

நம் நாட்டிலே இக்காய்ச்சல் ஆண்டு நடுவிலே, சித்திரை முதல் ஆனி வரையில் ஒருமுறையும், ஆண்டு முடிவை ஒட்டி, கார்த்திகை முதல் தை வரையில் இன்னொருமுறையும் தலைதூக்குவது வழக்கம். புத்தாண்டும் தைப்பொங்கலும், பிள்ளைகள் வீடு திரும்பும் காலமும், பல தோட்டங்களிலே அம்மன் திருவிழாவும் அவற்றின் பக்கத்திலேயே வருகின்றன. பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகப் போடும் ஊசிகளின் வரிசையிலே இது இல்லை. பெரும்பாலும் பணம் கொடுத்தே போடவேண்டும். ஆகவே குழுவின் யோசனை இது: இவ்வாண்டு விழாச் செலவிலே மின்விளக்கு அலங்காரத்துக்கு ஒதுக்கும் தொகையிற் பாதியை ஊசி நிதிக்கு மாற்றுவது. (பொருளாளர் முகம் வாடுவது தெரிகிறது.) நிதி எல்லாருக்கும் போதாது. கர்ப்பிணிகளுக்கு முதலிடம், தாய் போட்டால் ஆறு மாதம் நிறையாத சிசுவுக்கும் காவல், ஏனெனில் அந்தச் சிசுவுக்கு ஊசி போட முடியாது. அடுத்து நோயுள்ள முதியோர். பிறகு பிள்ளைக் காம்பராவிலே குழந்தைகளைப் பார்க்கும் பெண்கள். அதன்பின் விடுதி மாணவர். மாணவர்களே, கடைசியிலே வைத்தார்கள் என்று வருந்தவேண்டாம். இயன்றவர் சொந்தச் செலவிலே, ஊருக்குப் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள். போட முடியாதவர், அறையிலே எவருக்கேனும் காய்ச்சல் இருந்தால், பயணத்தை நாலு நாள் தள்ளிவைத்து வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்புக் கொடுங்கள். தாய்மார் அதற்காகக் கோபிக்கக்கூடாது.

மண்டப வாசலிலே ஒரு மேசையும் இரண்டு கொப்பிகளும் வைத்திருக்கிறோம். ஒன்றிலே வெளியூர் விடுதிகளில் இருக்கும் பிள்ளைகளின் பெயரும் விடுமுறைக்கு வரும் நாளும். மற்றதிலே வீட்டிலுள்ள முதியோர், கர்ப்பிணிகள் பெயரும் தோட்டமும் டிவிசனும். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக்கொடுக்க மாதர் பகுதியினர் இருப்பார்கள். நாடகம் தொடங்க இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது; வரிசையிலே நிற்கும்போது இருமல் உள்ளவர்கள் சற்றுத் தள்ளி நின்றுகொள்ளுங்கள்.